கோடு தரும் அமைதி

பேச்சு நாவின் தொழில். வரைதல் கையின் தொழில். மழலை திருந்துவதற்கு முன்னரே, கரித்துண்டு கிடைத்தால் குழந்தை சுவரில் கோடு கிழிக்கிறது. மணல் கிடைத்தால் விரலால் வட்டம் இடுகிறது. இதனை அதற்கு யாரும் கற்பிக்கவில்லை. ஆனால், பத்துப் பன்னிரண்டு வயது எய்தியதும் அக்குழந்தையே, "எனக்கு வரைய வராது" என்று கூறி எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகிறது. இடையில் நிகழ்ந்தது யாது? கையின் ஆற்றல் குன்றிவிடவில்லை. பிறருடைய மதிப்பீடு குறுக்கே வந்து நின்றுவிட்டது. வரையத் தெரிந்தவர் சிலர், தெரியாதவர் பலர் என்று உலகம் மாந்தரை இரு கூறாக்கிவிட்டது. இப்பிரிவினை தவறு. நாள்தோறும் சிறிது நேரம் வரைவது ஓவியராகப் போகின்றவர்க்கு மட்டுமன்றி எல்லா மாணவர்க்கும் உரிய நற்பழக்கமாகும். அது மனத்துக்கு அமைதியையும் கண்ணுக்குக் கூர்மையையும் ஒருங்கே தருவதாகும்.

இதனை உணரப் பெருநகரத்துச் சித்திரசாலைக்குச் செல்ல வேண்டுவதில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரைக்குச் சென்றால் போதும். சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ளது பழவேற்காடு. அதனை ஒட்டிப் பரந்து கிடக்கும் ஏரி, ஒடிசாக் கரையிலுள்ள சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. அதன் நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது. பரப்பு இவ்வளவு பெரிதாயினும் ஆழம் மிகக் குறைவு. பல இடங்களில் ஓர் ஆள் இறங்கி நடந்து மீன் பிடிக்கலாம். ஆரணியாறு முதலிய ஆறுகள் கொணரும் நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே ஏறி வரும் கடல்நீரும் அங்குக் கலக்கின்றன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. விண்வெளிக்குக் கலங்களை அனுப்பும் நிலையம் அத்தீவில் இருப்பதை யாவரும் அறிவர்.

இவ்வேரிக்கரையில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலாகப் பல மீனவர் குப்பங்கள் உள்ளன. இங்கு வாழ்வோர் தம்மைக் கலைஞர் என்று கருதுவதில்லை. ஆயினும் அவர்கள் நாள் முழுதும் கோடுகளோடு பழகுகின்றனர். கிழிந்த வலையைச் செப்பனிடும் முதியவர், நூல் கோத்த ஊசியை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குச் செலுத்தும்போது, ஒரே அளவான கட்டங்களை ஆயிரக்கணக்கில் அமைக்கின்றார். பனையோலையை மெல்லிய நாராகக் கீறிப் பெட்டியும் தட்டும் முடையும் பெண்டிர், குறுக்கும் நெடுக்குமாக ஓலையைச் செலுத்திக் கட்டங்களும் பூக்களும் தோன்றச் செய்கின்றனர். படகு கட்டுவோர் பலகையின்மேல் இழுக்கும் ஒரு வளைகோட்டில்தான் படகு நீரைக் கிழித்துச் செல்லும் திறன் அடங்கியுள்ளது. கையும் கண்ணும் ஒன்றுபட்டு இயங்கும் வேலைகள் இவை. வரைதல் என்பதும் இதுவே.

வரலாறும் இதற்குச் சான்று கூறும். 1613-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கெல்திரியா என்னும் கோட்டையை அமைத்தனர். சோழமண்டலக் கரையில் அவர்களது வாணிகத்துக்கு அதுவே நெடுங்காலம் தலைமையிடமாய் இருந்தது. கடல் கடந்து வந்த அவ்வணிகர் இக்கரையில் விரும்பித் தேடியது துணியே. மூங்கிற் குச்சியைச் சீவிய எழுதுகோலால் துணியின்மேல் கொடியும் மலரும் எழுதி, சாயவேரின் செந்நிறம் ஏற்றி, இக்கரை வினைஞர் உருவாக்கிய ஓவியத் துணிகள் கீழ்த்திசைத் தீவுகளில் நறுமணப் பொருள்களுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டன. ஐரோப்பியர் இல்லங்களையும் அணி செய்தன. அத்துணிகளை எழுதியவர்களின் பெயர்களை நாம் அறியோம். அவர்கள் நாள்தோறும் எழுதியவர்கள் என்பதை மட்டும் அறிவோம். அம்மரபின் ஒரு கிளை, பழவேற்காட்டுக்கு அண்மையிலுள்ள காளத்தியில் கலங்காரி என்னும் பெயரால் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒல்லாந்தர் கோட்டையோ இடிந்து புதர் மண்டிக் கிடக்கிறது.

இனி, எல்லா இல்லங்களிலும் நிகழும் ஒரு சித்திரத் தொழிலைக் காண்போம். விடியற்காலையில் வாயிலைப் பெருக்கி, நீர் தெளித்து, பெண்டிர் கோலம் இடுகின்றனர். முதலில் புள்ளிகள், பின்னர் அப்புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் கம்பி. கை சற்றே தயங்கினால் மாவு ஓரிடத்தில் குவிந்துவிடும்; எண்ணம் சற்றே சிதறினால் புள்ளி ஒன்று விடுபட்டுப் போகும். புறப்பட்ட இடத்துக்கே கம்பி திரும்பி வந்து சேரும் வரையில் மனம் வேறெங்கும் செல்ல இயலாது. அன்றைய அடுப்பு வேலையும், கடன் கவலையும், கடலுக்குச் சென்றவர் திரும்புதலைப் பற்றிய அச்சமும் அந்தப் பத்து நிமிடங்களில் வாயிலுக்கு வெளியே காத்து நிற்கின்றன.

எளிய தொழில் என்று கருதப்படும் இக்கோலம் அறிஞர் ஆராய்ச்சிக்கும் உரியதாயிற்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர்களான கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974-ஆம் ஆண்டில் கோலங்களைப் பற்றி ஒரு கணித ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் இருப்பது போலவே கோலத்துக்கும் இலக்கணம் உண்டு என்பதையும், சில விதிகளைக் கொண்டு சிறு கோலத்திலிருந்து பெருங்கோலத்தைப் பிறப்பிக்கலாம் என்பதையும் அவர்கள் காட்டினர். கணிப்பொறி அறிவியலார் இன்றும் அவ்வாராய்ச்சியை எடுத்துப் பேசுகின்றனர். எழுத்தறியாத பாட்டியின் விரல்களில் கணிதம் குடியிருந்தது என்றால் அது மிகையன்று.

கோலம் நமக்குக் கற்பிக்கும் பாடம் மற்றொன்றும் உண்டு. காலையில் இட்ட கோலம் நண்பகலுக்குள் காலடியில் அழிந்து போகிறது. அரிசி மாவால் இட்டதாயின் எறும்புக்கு உணவாகிறது. இட்டவர் அதற்காக வருந்துவதில்லை. மறுநாள் வேறொன்று இடுகின்றார். யாரும் அதற்கு மதிப்பெண் தருவதில்லை. சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதுமில்லை. வரைந்த பொருளைக் காட்டிலும் வரையும் செயலே பயன் தருவது என்பதை இதனினும் தெளிவாக எவர் உணர்த்த வல்லார்?

வரையும்போது மனம் அமைதியுறுகிறது என்பது வெறும் நம்பிக்கையன்று. அறிவியலாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க நாட்டின் திரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்பாரும் அவர் குழுவினரும் 39 பெரியவர்களைக் கொண்டு செய்த ஆய்வு 2016-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்கள் 45 நிமிடம் வரைதல், களிமண்ணில் உருச்செய்தல் முதலிய வேலைகளில் ஈடுபட்டனர். கவலையும் பரபரப்பும் மிகும்போது நம் உடலில் கார்ட்டிசோல் என்னும் சுரப்புநீர் மிகுதல் இயல்பு. வேலைக்கு முன்னும் பின்னும் அதனை அளந்து பார்த்தபோது, நால்வரில் மூவர்க்கு அது குறைந்திருந்தது. முன்பே கலைப் பயிற்சி உடையவர், பயிற்சி இல்லாதவர் என்னும் வேற்றுமை அதில் காணப்படவில்லை. இது சிறிய ஆய்வே. நால்வரில் ஒருவர்க்குக் குறையவில்லை என்பதையும் மறைத்தலாகாது. எனினும், அமைதி பெறுவதற்குத் தேர்ந்த கை தேவையில்லை என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

இங்கிலாந்து நாட்டில் ஜாக்கி ஆன்ட்ரேட் என்னும் உளவியலார் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் சுவையானது. 40 பேரிடம் சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றைக் கேட்குமாறு அவர் கூறினார். பாதிப் பேர் கேட்டுக்கொண்டே தாளிலுள்ள சிறு வடிவங்களைத் தீட்டி நிரப்பினர். மற்றவர் வாளா கேட்டனர். பின்னர் வினவியபோது, தீட்டியவர்கள் மற்றவரினும் 29 விழுக்காடு மிகுதியாக நினைவுகூர்ந்தனர். சும்மா இருக்கும் கையே மனத்தைக் கனவுக்கு இழுத்துச் செல்கிறது போலும்! ஆயின், வகுப்பில் ஆசிரியர் பாடம் நடத்துங்கால் ஏட்டின் ஓரத்தில் படம் போடுவதற்கு இவ்வாய்வைச் சான்றாகக் காட்ட எண்ணும் மாணவர், முதலில் ஆசிரியரின் இசைவைப் பெறுவது நலம்.

அமைதி என்பது வரைதலின் ஒரு பயன். உற்றுநோக்கும் ஆற்றல் பிறிதொரு பயன். பண்டைத் தமிழர் ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று அழைத்தனர். மதுரைக்காஞ்சியில் இப்பெயர் காணப்படுகிறது. வரைபவருக்கு முதற் கருவி கண்ணே என்பதை இச்சொல் நமக்கு நினைவூட்டுகிறது. குளிர்காலத்தில் பழவேற்காட்டு ஏரிக்குப் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. அவற்றைக் கண்டவர் பலர். ஆனால், ஒரு பூநாரையை வரையத் தொடங்கிப் பாருங்கள். அதன் அலகு நடுவில் ஏன் சட்டென்று கீழ்நோக்கி வளைகிறது? இரை தேடும்போது அது தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்குமாறு வைத்து நீரை வடிகட்டுகிறது. அந்த வளைவு அதற்கு உதவுகிறது. அதன் முழங்கால் ஏன் பின்புறமாக மடிகிறது? நாம் முழங்கால் என்று எண்ணியது உண்மையில் அதன் கணுக்கால். முழங்கால் மேலே இறகுகளுக்குள் மறைந்துள்ளது. வெறுமனே பார்த்துச் சென்றவருக்கு இவ்வினாக்கள் தோன்றா. வரைய முற்பட்டவருக்கு இரண்டாம் கோட்டிலேயே தோன்றும். எசுப்பானிய நாட்டு அறிஞர் ரமோன் இ காகல், நுண்பெருக்காடி வழியே கண்ட நரம்பு உயிரணுக்களைத் தம் கையாலேயே வரைந்து வரைந்துதான் மூளையின் அமைப்பை உலகுக்கு உணர்த்தினார். 1906-ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார்.

இவ்வளவும் கேட்ட பின்னர் சிலர் தடை கூறுவர். அவற்றுள் முதலாவது, "எனக்குத் திறமை இல்லை" என்பது. சித்திரம் பழகப் பழகக் கைவரும் என்பது நம் நாட்டில் ஔவையார் காலந்தொட்டு வழங்கும் கருத்து. மகேந்திரவர்ம பல்லவன் நாடாளும் சுமையோடு ஓவியமும் பயின்று, சித்திரகாரப்புலி என்னும் பெயர் பூண்டான். இரவீந்திரநாத தாகூர் தம் கையெழுத்துப் படிகளில் அடித்துத் திருத்திய இடங்களைக் கோடுகளால் இணைத்து இணைத்து உருவங்கள் ஆக்கினார். அறுபது வயதைக் கடந்த பின்னரே ஓவியத்தில் முழுதும் ஈடுபட்டார். 1930-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் அவர் ஓவியக் காட்சி நடைபெற்றது. அடித்தல் திருத்தலிலிருந்தே ஓவியம் பிறக்கக்கூடுமாயின், கோணிய கோட்டுக்கு நாம் அஞ்சுவது ஏன்?

இரண்டாவது தடை, "படம் பிடிக்கும் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும்போது கையால் வரைவது எதற்கு?" என்பது. கைப்பேசி ஒரு நொடியில் படம் எடுக்கிறது. அதன் பயனை மறுப்பாரில்லை. ஆனால், அந்த ஒரு நொடிக்குப் பின் நாம் பொருளைப் பார்ப்பதை விட்டுவிடுகிறோம். வரைபவரோ பத்து நிமிடம் அப்பொருளோடு இருக்கின்றார். உருவம் தாளில் அமைவதோடு உள்ளத்திலும் பதிகிறது.

மூன்றாவது தடையே வலிமை வாய்ந்தது. "மீன் கிடைக்காத நாளில் அடுப்பு எரியாத வீட்டுப் பிள்ளைக்குச் சித்திரம் எதற்கு? முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் ஏரிக்குள் கடல்நீரும் வாராது. இறாலும் மீனும் ஏறா. படகுகளும் கடலுக்குச் செல்லா. கோடு கிழித்தால் மணல் அகலுமா?" என்று கேட்பவர் உண்டு. இக்கேள்வியை எள்ளி நகையாடுதல் தகாது. கோடு மணலை அகற்றாது, கடனை அடைக்காது. மணலை அகற்ற அரசின் செயலும், மீனவர்க்கு உரிய விலை கிடைக்க நேர்மையான சந்தையும் வேண்டும். இவற்றுக்கு மாற்றாக அமைதியை நீட்டுவது அறமாகாது. பசித்தவனிடம் "அமைதியாக இரு" என்று கூறுவதினும் கொடுமை வேறில்லை.

ஆயினும், துன்பம் மிகுந்த இடத்தில்தான் மனத்துக்கு ஊன்றுகோல் மிகுதியாக வேண்டும் என்பதும் உண்மை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. உற்றாரையும் வீட்டையும் இழந்த பிள்ளைகள் பலர் வாய் திறந்து பேசவும் இயலாதிருந்தனர். அவர்களுக்குத் துணை நின்றவர்கள் பல ஊர்களில் தாளும் வண்ணக்கோலும் கொடுத்து வரையச் செய்தனர். நாவால் கூற முடியாததைக் கை கூறியது. சோறும் துணியும் கூரையும் முதலில் வேண்டும். அவற்றோடு இதுவும் வேண்டும். "சுவரை வைத்துக்கொண்டுதான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது பழமொழி. உடல் ஒரு சுவர் என்றால் உள்ளமும் ஒரு சுவரே. அது இடிந்து விழாமல் காப்பதும் வாழ்வின் தேவைதான்.

மேலும், வரைதல் தரும் அமைதி கண்ணை மூடிக்கொள்ளும் அமைதியன்று. பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்னும் முறை நெடுங்காலமாக உண்டு. ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை விரிக்கலாம் என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது அது. நீரின்மேல் வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. எல்லாம் முதியோர் நினைவில் உள்ளது. ஒரு குப்பத்துச் சிறுவன் தன் பாட்டனாரை அருகில் அமர்த்திக்கொண்டு, "தாத்தா, நம்ம பாடு எதுவரைக்கும்? எந்தப் பக்கம் ஆழம்? முன்னே முகத்துவாரம் எங்கே இருந்தது?" என்று கேட்டுக் கேட்டு ஏரியை ஒரு தாளில் வரைவானாயின், அவன் உள்ளம் அமைதியுறும், அத்துடன் ஊரின் அறிவும் அழியாமல் நிற்கும். ஏரி சுருங்கியது எங்கே, மணல் மேடிட்டது எங்கே என்று நாளை யாரேனும் கேட்டால், ஆண்டுதோறும் அவன் வரைந்த படங்கள் விடை கூறும். உற்றுப் பார்த்தவனே உரிமையோடு பேச வல்லவன்.

மாணவர்களே! இப்பழக்கத்தை மேற்கொள்ளப் பொருட்செலவு இல்லை. எழுதி முடித்த ஏட்டின் வெற்றுப் பக்கங்களும் ஒரு பென்சிலும் போதும். நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கண்ணெதிரே இருக்கும் எளிய பொருள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்; அது நண்டின் ஓடாக இருக்கலாம், அம்மா கழற்றி வைத்த செருப்பாக இருக்கலாம், சுருட்டி வைத்த கயிறாக இருக்கலாம். தாளைப் பார்க்கும் நேரத்தினும் பொருளைப் பார்க்கும் நேரம் மிகுதியாக இருக்கட்டும். தவறிய கோட்டை அழிக்க வேண்டா. அதன் அருகிலேயே மற்றொரு கோடு இடுங்கள். முடித்தபின் நாளும் ஆண்டும் குறித்து ஏட்டை மூடிவிடுங்கள். பிறரிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம். அடுத்தவர் படத்தோடு ஒப்பிடுவது மட்டும் வேண்டா. ஒப்பீடு நுழைந்த இடத்தில் அமைதி தங்காது.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். ஓவியப் போட்டியும் பரிசும் இருக்கட்டும். அவை தேர்ந்த கைகளுக்கு ஊக்கமளிக்கும். ஆனால், பரிசு பெறாத பிள்ளையின் கையிலிருந்து வண்ணக்கோலைப் பிடுங்கும் கருவியாக அவை மாறலாகாது. தேர்வு நெருங்கியதும் சித்திர வகுப்பை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்வது பல இடங்களில் காணப்படும் வழக்கம். மனம் மிகவும் கலங்கியிருக்கும் காலத்திலேயே மனத்துக்கு ஓய்வு தரும் ஒன்றைப் பறிப்பது எவ்வகையில் பொருந்தும்?

நீரில் எழுதிய எழுத்து நிலைக்காது என்பர். ஏரிக்கரையில் வாழ்வோர் அதனை நன்கு அறிவர். காலையில் கண்ட கரை மாலையில் அலையால் வேறு வடிவம் பெறுகிறது. பறவைகள் வந்து போகின்றன. படகுகளின் வடிவமும் வலையின் நூலும் நம் கண் முன்னரே மாறிவிட்டன. மாறிக்கொண்டே இருக்கும் இவ்வுலகில் ஒரு பொருளைப் பத்து நிமிடம் அன்போடு உற்றுநோக்கக் கற்றவன், அதனை எளிதில் அழியவிடான். தானும் எளிதில் கலங்கான். அத்தகைய கண்ணும் உள்ளமும் உங்களுக்கு வாய்க்க வேண்டும். அதற்கு இன்றே ஒரு கோடு இடுங்கள்.